விளாவிய தண்ணீர்

ஈரல் என்று நான் சொன்னதும் எங்கள் வீட்டு வரிசைப் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

“ஞாயித்துக்கெழம கறிக்கடையில தொங்குமே, அந்த ஈரலா தங்கச்சி?” என்று கடைசி வீட்டு அக்கா கேட்டார்.

“அது ஆட்டோடது. நான் சொல்றது நம்ம ஒடம்புக்குள்ள இருக்கிறது.”

“எனக்குள்ளயே இருக்கா? அப்ப எங்க வீட்டுக்காரரு ஏன் காசு குடுத்து வாங்கிட்டு வராரு?”

மறுபடியும் சிரிப்பு. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் சீனப் பெண்மணி. ஆங்கிலமும் மலாயும் பேசுவார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அந்த வேடிக்கையை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் தனியாகச் சிரித்தார். அதைப் பார்த்து எல்லாரும் இன்னொரு முறை சிரித்தார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேச்சாக இருந்த காலம் அது. காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு மண் சந்தில் எங்கள் வீடுகள் இருந்தன. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே வரிசை. வரிசைக்கு நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதற்குக் கொஞ்சம் தள்ளி வாளிக் கக்கூஸ்கள். சந்து முனையைத் தாண்டினால், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிமார் குடியிருப்பு. அவர்கள் வாசலிலும் மாவிலை தொங்கும், அவர்கள் கும்பிடுவதும் நம் சாமிதான். பேச்சு மட்டும் மலாய். எங்கள் வரிசையில் எல்லாரும் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வந்தவர்கள்.

அப்பா தண்ணீர்க் குழாய் புதைக்கக் குழி வெட்டும் வேலையில் இருந்தார். டவுனின் பல தெருக்களில் அவர் வெட்டிய குழிகளுக்குள் குழாய் ஓடியது. எங்கள் சந்துக்கு வரவில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தையல்காரர் வீட்டுச் சட்டை கிழிந்திருப்பதைப் போல அதை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாங்கள் டவுனுக்கு வந்தபோது அண்ணன் வேலைக்குப் போகும் வயதில் இருந்தார், நான் பள்ளிக்குப் போகும் வயதில் இருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. ஆனால் அது நடந்தது, நான் படித்தேன், சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அந்த நாட்களில்தான் என் பள்ளி ஆசிரியை ஒருவர் என்னைச் சங்கத்துக்கு அழைத்துப் போனார்.

சங்கம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டவுனில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்த அந்த டாக்டரம்மா, ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மிஸ்ஸி, என் பள்ளி ஆசிரியைகள் சிலர். யாருக்கும் சம்பளம் கிடையாது. சனிக்கிழமைகளில் டாக்டரம்மாவின் சின்னக் கறுப்புக் காரில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு சுற்றியுள்ள கிராமங்களுக்கு, கம்பங்களுக்கு, போவார்கள். முதலில் காசநோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு டவுனைச் சுற்றிப் பல வீடுகளில் காமாலை தலைகாட்டியதும் ஈரலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஓவிய ஆசிரியை துணியில் ஒரு ஈரல் வரைந்து கொடுத்திருந்தார். அதைக் கம்பில் சுற்றி எடுத்துப் போவோம். பிரித்துக் காட்டினால் ஒரு கம்பத்தில் வாழைப்பூ என்பார்கள், இன்னொரு கம்பத்தில் பழுத்த பப்பாளி என்பார்கள்.

டாக்டரம்மா சொல்வதை நான் தமிழில் சொல்வேன். காமாலை சாபத்தால் வருவதில்லை, கண் பட்டு வருவதில்லை. மலத்திலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து வாய்க்கு வரும் கிருமி. கக்கூஸ் போனால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இவ்வளவுதான் பாடம். இதை எத்தனை வாசல்களில் சொன்னேன் என்று கணக்கில்லை. என் தமிழ் மேலும் மேலும் தெளிவாகிக்கொண்டே போனது. அதை நானே கேட்டு ரசித்தேன்.

எங்கள் வரிசையில் சொன்னதை எல்லாருக்கும் முன்னால் கடைப்பிடிக்கத் தொடங்கியவர் அம்மா. பெரிய ஈயப் பானை ஒன்றைத் தண்ணீருக்கென்றே ஒதுக்கினார். விறகு கூடுதலாகச் செலவானது. கிணற்றடியில் மற்றப் பெண்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

“எங்க வீட்டுல இப்ப பச்சத் தண்ணியே குடிக்கிறதில்ல. எம்மவ சொன்னதுலேருந்து காச்சித்தான் குடிக்கிறோம்.”

“ஒங்க மக சொல்லலன்னா வெறகாவது மிஞ்சிருக்கும்” என்றார் கடைசி வீட்டு அக்கா.

அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார். அண்ணி என்றாலும் என் வயதுதான். குருபோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை, ஒரு எழுத்தும் தெரியாது. என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். பிஸ்கட் டின்னில் எழுதியிருப்பதை, தீப்பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். படித்துச் சொன்னால், “இவ்ளோதானா? இதுக்கா இத்தன வருசம் படிச்சீங்க?” என்று சிரிப்பார். அண்ணன் லோரி அட்டெண்டன்ட். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அந்த நாட்களில் நானும் அண்ணியும் ஒரே பாயில் படுப்போம். குழந்தை உதைப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். “ஒங்க அண்ணன் மாதிரியே, காலையில எழுந்திரிக்க மாட்டேங்குது” என்பார்.

ஒரு வாரமாக அவருக்குச் சோறு பிடிக்கவில்லை. தாளிக்கும் வாசனை வந்தால் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தார். பிள்ளை வாந்தி என்று அம்மா சொன்னார். முதல் மாதங்கள் தாண்டியும் சிலருக்கு இருக்குமாம். ஒரு நாள் காலை கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

“என்னா டீச்சரம்மா, அப்படிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுது அண்ணி?”

“சீ” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சாயத் தண்ணி மாதிரி போகுது. வெக்கமா இருந்துச்சு, சொல்லல” என்றார்.

எனக்குப் பயம் வந்தது. பயத்துக்கு அடியில், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பாடம் படித்தவளுக்குக் கேள்வித்தாளில் தெரிந்த கேள்வி வந்ததைப் போல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன்.

டாக்டரம்மா கிளினிக்கில் நோயாளிகளை நிறுத்திவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். அண்ணி கர்ப்பிணி என்றதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“என்ன மருந்து டாக்டர்?” என்று கேட்டேன்.

“இதற்கு மருந்து இல்லை” என்றார்.

இத்தனை சனிக்கிழமைகள் கூடவே போயிருக்கிறேன், அதை அவர் ஒருமுறையும் சொன்னதாக நினைவில்லை. ஒருவேளை நான் கேட்கவில்லை. ஓய்வு, கொழுப்பில்லாத சாப்பாடு, சர்க்கரைத் தண்ணீர். பெரும்பாலானவர்களுக்கு ஈரல் தானாகவே தேறிவிடும் என்றார். ஆனால் கர்ப்பிணிகளுக்குச் சில சமயம் மோசமாகப் போகும், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார்.

“ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா?”

“இல்லை. கூட இருந்து பார்த்துக்கொள்வார்கள்.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “நம் சங்கம் நோய் வராதவர்களுக்காக. வந்தவர்களுக்குக் கொடுக்க நம் யாரிடமும் அதிகம் இல்லை.”

“ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்” என்றேன். எனக்கு அநியாயம் நடந்துவிட்டதைப் போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா அடுப்படியில் இருந்தார். ஈயப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வியர்த்துப் போய் வந்த என்னைப் பார்த்ததும் ஒரு மங்குக் கோப்பையை எடுத்து, பானையிலிருந்து கொதிநீரைப் பாதி மொண்டார். பக்கத்தில் இருந்த வாளியிலிருந்து கிணற்றுத் தண்ணீரை மீதிப் பாதிக்கு ஊற்றினார். விரலை விட்டுப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

“பதமா இருக்கு. குடி.”

மங்குக் கோப்பையை வாங்கிக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து நான் குடித்தது அப்படித்தான். குளிக்கிற தண்ணீரை விளாவுவோம், குடிக்கிற வெந்நீரையும் விளாவுவோம். டாக்டரம்மா வீட்டில் கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துச் சுடச்சுடக் குடிப்பார்கள். அதில் யாராவது பச்சைத் தண்ணீரைக் கலப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

“அம்மா, எப்பவும் இப்படித்தான் கலக்குறீங்களா? அண்ணிக்கும்?”

“பின்ன? விளாவாம எப்படிடி குடிக்கிறது, நாக்கு வெந்துராது?”

அண்ணியின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அம்மா வெளியே போய் அண்ணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நேராக வீட்டுக்குப் பின்னால் போய்க் கீழாநெல்லி பறித்து வந்து, வேரோடு அலசி அரைக்கத் தொடங்கினார். மோரில் கலக்கிக் கொடுப்பதற்கு. அந்த மோருக்கு வாளியிலிருந்து தண்ணீரை எடுத்தபோது நான் கையைப் பிடித்தேன்.

“பச்சத் தண்ணி வேணாம்மா. கொதிக்க வச்சதுல கலக்குங்க.”

“ஏண்டி, காமாலைன்னா என்னா? சூடு. ஒடம்பு பூரா சூடேறி, பித்தம் பொங்கி, கண்ணுல வந்து நிக்குது. அதுல போயி கொதிச்ச தண்ணிய ஊத்தச் சொல்றியா?”

“ஆற வச்சு ஊத்தலாம்.”

“ஆறிட்டா மட்டும்? நெருப்புல ஏறுன தண்ணி நெருப்புத் தண்ணிதான். நல்லா இருக்கிறவங்க குடிக்கலாம்னுதான் நான் காச்சுறேன். சீக்காளிக்குக் குளிர்ச்சிதான் குடுக்கணும். இது ஒன் புஸ்தகத்துல இல்லையா?”

என் புத்தகத்தில் இல்லை. என் புத்தகத்தில் மருந்தும் இல்லை. அம்மாவிடம் கீழாநெல்லியாவது இருந்தது.

மறுநாள் அண்ணனும், தகவல் போய் அண்ணியின் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அந்த அத்தை மகளைப் பார்த்ததும் அழவில்லை. தலைமுடியைப் பிரித்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்றார். அங்கே காமாலைக்கு வேர் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறாராம். நான் ஆஸ்பத்திரி என்றேன்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னை எப்போதும் சின்னப் பிள்ளையாகவே நடத்துகிற அண்ணன், அன்று என் முன்னால் கைகட்டிக்கொண்டு நின்றார்.

“நீ படிச்சவ. நீ சொன்னா நான் கேட்டுக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா மருந்து குடுப்பாங்களா?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். “மருந்து இல்லண்ணே. ஆனா பாத்துக்குவாங்க.”

“பாத்துக்குவாங்களா?” என்றார். “பாத்துக்கத்தான் இங்க ரெண்டு அம்மாங்க இருக்காங்களே.”

அண்ணியிடமே கேட்டேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமும் கையும் மஞ்சள் பூசிக் குளிக்க உட்கார்ந்தவரைப் போல இருந்தன. “அவுக சொல்றதுதான் டீச்சரம்மா” என்றார். பிறகு, “பிள்ள ஒதைக்குது. அது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

தோட்டத்துக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வேர் கட்டுகிறவர் வந்து கட்டிவிட்டுப் போனார். உப்பில்லாக் கஞ்சி, கீழாநெல்லி, இளநீர். இடையில் ஒரு நாள் அண்ணி எழுந்து வாசலைக் கூட்டினார், எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதற்குப் பிறகு தூங்கத் தொடங்கினார். எழுப்பினால் விழிப்பார், பேச்சு தடம் மாறும். என்னைப் பார்த்து, “மங்கு நெறைஞ்சிருச்சு, பால எடுத்து ஊத்து, கிராணி வந்துருவாரு” என்றார். கணக்கெழுதும் கிராணி வருகிற நேரத்தில் தோட்டத்தில் பால் மரத்தடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட அத்தை முதல் முறையாக வாய்விட்டு அழுதார். நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவருடைய காரில், எப்போதும் நாங்கள் நெருக்கி உட்காரும் பின்சீட்டில், அண்ணியைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கையில் ஊசி குத்திச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். மிஸ்ஸிகள் அன்பாகவே இருந்தார்கள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பேன், அவர் ஆங்கிலத்தில் சொல்வதை அம்மாவிடமும் அத்தையிடமும் அண்ணனிடமும் சொல்வேன். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கவில்லை என்பதை நான்தான் சொன்னேன். அண்ணி இனி விழிக்கமாட்டார் என்பதை நான்தான் சொன்னேன். ஆங்கிலத்தில் கேட்டதற்கும் தமிழில் சொல்வதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு நல்ல தமிழில் சொன்னாலும் அதே செய்திதான்.

ஒரு நடுப்பகலில் எல்லாம் முடிந்தது.

காரியம் முடிந்து உறவினர்கள் போன பிறகும் அம்மா சாப்பிடவில்லை. தட்டில் போட்டால் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். தண்ணீர் காய்ச்சுவதையும் நிறுத்திவிட்டார். ஈயப் பானை கவிழ்ந்து கிடந்தது. அப்பா தினமும் வேலைக்குப் போய் மண்ணோடு திரும்பி வந்தார். அண்ணன் லோரியிலேயே இருந்தார்.

ஒரு மாலை நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்குறேன். ஒளிக்காமச் சொல்லு.”

“என்னாம்மா?”

“நான் விளாவிக் குடுத்த தண்ணியாலதான் அவளுக்கு வந்துச்சா?”

களைந்த தண்ணீர் வெள்ளையாகச் சட்டியில் நின்றது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் உள்ள தூரம், கிருமி, வாளி, மங்கு. ஆமாம், அதனால் வந்திருக்கலாம். வேறு எங்கேயாவது குடித்ததாலும் வந்திருக்கலாம். உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. இதை எப்படிச் சொன்னாலும் அம்மாவின் காதில் ஆமாம் என்பது மட்டும்தான் விழும். அதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பார்?

“இல்லம்மா” என்றேன். “தண்ணியால இல்ல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒல வைய்யி. பசிக்குது” என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டதைப் பார்த்தபோது நான் சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் டாக்டரம்மா தண்ணீர் ஆபீஸுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் சந்துக்குக் குழாய் வேண்டும் என்று சங்கம் முன்பே கேட்டிருந்தது. இப்போது ஒரு சாவு நடந்துவிட்டது. அங்கே இருந்தவர் மரியாதையாகப் பேசினாராம். குடியிருப்பவர்களே இந்தக் கிணறு வேண்டாம், குழாய் வேண்டும் என்று கேட்டால் மேலே சொல்ல எளிதாக இருக்கும் என்றாராம். டாக்டரம்மா உற்சாகமாக இருந்தார். சனிக்கிழமை வந்து உங்கள் வரிசையில் எல்லாரிடமும் கைநாட்டு வாங்கிவிடலாம் என்றார். “உன் வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள். நாம் ஒன்றும் சொல்லவே வேண்டியதில்லை.”

சனிக்கிழமை கிணற்றடியில் எல்லாரும் கூடினார்கள். ஈரல் படத்தை அவர் கொண்டுவரவில்லை. தாளும் மை டப்பியும் மட்டும் கொண்டு வந்தார். அவர் பேசினார், நான் தமிழில் சொன்னேன். இந்தக் கிணறு கெட்டுவிட்டது, குழாய் வந்தால் பிள்ளைகள் பிழைப்பார்கள், எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கொழாய் வந்தா வீட்டுக்காரன் வாடகைய ஏத்திருவான்” என்றது ஒரு குரல்.

“அதுகூடப் பரவால்ல” என்று கடைசி வீட்டு அக்கா எழுந்தார். முன்போல அவர் வேடிக்கை பேசவில்லை; என்னைப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னார். “கெணத்து மேல ஏன் தங்கச்சி பழியப் போடணும்? ஒங்க அம்மாவே அன்னிக்கு வந்து சொன்னாங்க. எம்மவகிட்ட கேட்டேன், தண்ணியால இல்லன்னு சொல்லிட்டான்னு. படிச்ச பிள்ள நீயே சொல்லிட்ட. அதுக்கப்புறம்தான் எனக்கும் நிம்மதி. நாங்களும் இதே கெணத்துலதான குடிக்கிறோம்?”

“ஆமா, ஆமா” என்றார்கள்.

எத்தனையோ வாசல்களில் நின்று பேசியிருக்கிறேன். நான் சொன்னதை ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் அதை நம்பி, மனம் மாறி நிற்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று டாக்டரம்மா கேட்டார்.

அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி போனதிலிருந்து அவர் முகத்தில் பார்க்காத ஒன்று இருந்தது. என் பேச்சை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள் என்ற பெருமை அது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நீ அப்படிச் சொன்னாயா?”

“சொன்னேன்.”

“ஏன் என்று எனக்குப் புரிகிறது” என்றார். குரலில் கோபம் இல்லை. “ஆனால் இவர்களிடம் அது சரியில்லை என்று சொல்லிவிடு. உன்னைத்தான் நம்புகிறார்கள்.”

திரும்பினேன். பெண்கள் காத்திருந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, எல்லாரும். அம்மாவும்.

“டாக்டரம்மா தண்ணியக் காச்சி, பச்சத் தண்ணி கலக்காம, அப்படியே ஆற வச்சுக் குடிக்கச் சொல்றாங்க” என்றேன். “கொழாய் வந்தா நல்லதுன்னு சொல்றாங்க.”

அம்மாவிடம் நான் சொன்னது சரியில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

“சரி, குடிப்போம்” என்றார் கடைசி வீட்டு அக்கா, பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல. வாளிகள் நகர்ந்தன. ஒருத்தி கிணற்றுக் கயிற்றை இறக்கினாள். கைநாட்டு வைக்க யாரும் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அப்பா மட்டும் வேலையிலிருந்து வந்ததும் வைப்பார் என்று நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அம்மா எழுந்து வந்தார். “பாவம், இவ்வளவு தூரம் வந்தாங்க. கோப்பி கலக்கட்டுமான்னு கேளு.”

கேட்டேன். சரி என்றார். எங்கள் வாசல் பலகையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த கோப்பியை ஊதி ஊதிக் குடித்தார். தாளும் திறக்காத மை டப்பியும் அவர் மடியிலேயே இருந்தன.